மிதித்தும் விரையாத வண்டி

ஞாயிறு திருப்பலி முடிந்து குடும்பத்தோடு இல்லம் திரும்பிக்கொண்டிருந்தோம். திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடந்தால்தான் எங்கள் ஊர்ச் சாலையைப் பிடிக்க இயலும். வலப்புறத்தில் தொலைவில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. கடப்பதற்குப் போதிய இடைவெளி இருந்தது. வண்டியின் முன்பகுதி சாலைக்குள் நுழைந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தோம். எஞ்சின் உறுமியது, வண்டியோ ஊர்ந்தது. இரண்டு நொடிகள் கழிந்த பின்னரே, யாரோ பின்னிருந்து தள்ளியது போலத் திடுமென முன்னே பாய்ந்தது. லாரியின் ஹாரன் ஒலி காதைத் துளைக்க, மயிரிழையில் மறுகரை சேர்ந்தோம். பின்னிருக்கையில் பேரப்பிள்ளைகள் இருவரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நொடி என்பது மிகச் சிறிய காலந்தானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடுகிறது. இரண்டு நொடியில் 44 மீட்டர்! மிதித்தவுடன் விரையாத வண்டி வெறும் தொல்லை அன்று. உயிருக்கே உலை வைக்கும் குறை என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்கள் இன்று நம் குடும்பங்களில் பெருகிவிட்டன. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க இயலாத பெரியவர்களும், புதிதாக ஓட்டக் கற்ற தாய்மார்களும் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அவற்றில் கோளாறு தோன்றினால் என்ன செய்வதென்று அறியாமல் திகைப்பவரே மிகுதி. ஆகவே நாம் பட்டறிந்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வண்டியின் இயல்பை அறிவோம்

மிதித்ததும் சிறிது தயங்குவது எல்லா வண்டியிலும் நோய் ஆகிவிடாது. சில வகைகளுக்கு அது பிறவிக் குணம். ஆகவே நம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழமையானதும் உறுதியானதுமான வகை டார்க் கன்வர்ட்டர் கொண்டது. எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும் அன்றோ? காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்தால் அதுவே இதன் தத்துவம். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் கப்பல்களுக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் கார்களுக்கும் அது வந்து சேர்ந்தது. எண்ணெய் வழியே ஆற்றல் செல்வதால் இதில் ஒரு மெல்லிய நெகிழ்ச்சி இயல்பாகவே உண்டு.

ஏ.எம்.டி. என்பது மற்றொரு வகை. நம் நாட்டில் 2014இல் மாருதி செலேரியோ காரின் மூலம் அறிமுகமாகி, குறைந்த விலையால் எங்கும் பரவியது. இது சாதாரணக் கியர்பாக்ஸேதான்; கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை செய்கிறது. கியர் மாறும்பொழுது ஒரு கணம் இழுவை நின்று, தலை முன்னே சாய்வது இதன் இயல்பு. அத்தருணத்தில் காலைச் சற்றே தளர்த்தி மீண்டும் மிதித்தால் அசைவு குறையும்.

சி.வி.டி. வகையில் பல்சக்கரக் கியர்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் உள்ளன. அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஒலி முதலில் உயரும். வேகம் அதன் பின்னே வரும். டர்போ பொருத்திய எஞ்சினிலும், வெளியேறும் புகை டர்போவைச் சுழற்றிக் காற்றழுத்தம் உண்டாகும் வரை சிறு தாமதம் இருக்கும். சிக்கன ஓட்டத்திற்கான ‘ஈகோ’ பொத்தானை அழுத்தியிருந்தாலும் வண்டி மந்தமாகவே செல்லும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “வண்டி தயங்குகிறதா?” என்பதன்று, “முன்பு இல்லாத தயக்கம் இப்பொழுது வந்திருக்கிறதா?” என்பதே. வாங்கிய நாள் முதல் மாறாமல் இருப்பது குணம். புதிதாய் வந்ததும், நாளுக்கு நாள் வளர்வதும் நோய்.

முள் சொல்லும் உண்மை

நோய்தான் என்று தெரிந்தபின், அது எஞ்சினில் உள்ளதா, கியர்பாக்ஸில் உள்ளதா என்று பிரித்தறிவதே முதற்படி. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் பெரும்பாலான கார்களில் வேகமுள்ளின் அருகிலேயே இருக்கிறது. ஆளரவமற்ற நேரான சாலையில் வண்டியை ஓட்டிச் சென்று ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும். ஓட்டுபவர் கண் சாலையை விட்டு அகலக்கூடாது. அருகில் இருப்பவரே முட்களைக் கவனிக்க வேண்டும்.

ஆர்.பி.எம். முள் துள்ளி எழுந்தும் வேகம் ஏறவில்லையா? எஞ்சின் தன் கடமையைச் செய்கிறது. அதன் ஆற்றல் சக்கரத்தைச் சேராமல் நடுவழியில் நழுவுகிறது. ஐயம் கியர்பாக்ஸின் மேல் விழ வேண்டும். சி.வி.டி. வண்டியில் மட்டும், முன்பிருந்த நடையோடு ஒப்பிட்டே இதனை முடிவு செய்தல் வேண்டும்.

மிதித்தும் ஆர்.பி.எம். முள்ளே சோம்பிக் கிடக்கிறதா? அப்படியாயின் பெரும்பாலும் குறை எஞ்சின் பக்கம்.

இரண்டு முட்களும் சேர்ந்தே உயர, வண்டி மட்டும் எதையோ கட்டி இழுப்பது போல் திணறுகிறதா? பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். சில கிலோமீட்டர் ஓடியபின் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுசென்றால் (தொடுதல் கூடாது), ஒன்றில் மட்டும் அனல் வீசுவது தெரியும். டயரில் காற்று குறைந்திருப்பதும் இவ்வாறே வண்டியை மந்தமாக்கும்.

கியர்பாக்ஸின் குருதி

டார்க் கன்வர்ட்டர் வகைக்கு அதன் ஆயிலே குருதி. ஆற்றலைக் கடத்துவதும், உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைத் தணிப்பதும் அதுவே. ஆயில் குறைந்தால் அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூட்டால் ஆயில் மேலும் கெடும்.

வண்டி நிற்கையில் பிரேக்கை மிதித்தவாறு நெம்புகோலை என் நிலையிலிருந்து டி நிலைக்கு மாற்றிப் பார்க்கலாம். ஏறத்தாழ ஒரு நொடிக்குள் வண்டியில் மெல்லிய அசைவு தோன்ற வேண்டும். வெகுவாகத் தாமதித்து, பின் ‘தட்’ என்று இடித்தால் ஆயிலைச் சோதிக்கும் காலம் வந்துவிட்டது.

அளவுக்குச்சி உள்ள வண்டிகளில், கையேடு கூறும் முறைப்படி நாமே அளவு பார்க்கலாம். சில கார்களில் எஞ்சின் ஓடும்பொழுதும், வேறு சிலவற்றில் நிறுத்திய பின்னரும் பார்க்க வேண்டும். குச்சி இல்லாத வண்டிகளில் இது பணிமனையின் வேலை. நல்ல ஆயில் பெரும்பாலும் தெளிந்த செந்நிறமாயிருக்கும். கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் உள்ளே தட்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தீங்கே. நுரைத்து அழுத்தம் கெடும். எஞ்சின் ஆயிலையோ, கையில் கிடைத்த வேறு ஆயிலையோ ஒருபோதும் ஊற்றலாகாது.

ஆயில் சரியாயிருந்தும் நழுவினால், அதன் போக்கைத் திருப்பிவிடும் சோலினாய்டு வால்வுகள், தேய்ந்த தட்டுகள், டார்க் கன்வர்ட்டர் ஆகியவற்றை வல்லுநர் சோதிக்க வேண்டும். ஏ.எம்.டி. வண்டியானால் தேய்ந்த கிளட்சும், அதனை இயக்கும் கருவியும் ஆய்வுக்குரியவை.

எஞ்சின் பக்கம்

எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, எரிபொருள், தீப்பொறி. புகை வெளியேற நல்ல வழி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சோர்வு தோன்றும். தூசி அடைத்த காற்று வடிகட்டி, கரி படிந்த திராட்டில், அழுக்கேறிய காற்றளவு சென்சார், வலுவிழந்த பெட்ரோல் பம்பு, தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைபட்ட கேட்டலிடிக் கன்வர்ட்டர், டர்போ வண்டியானால் பிளந்த காற்றுக்குழாய் என வரிசையாகப் பார்த்து வரலாம். செலவு குறைந்ததை முதலிலும் மிகுந்ததை இறுதியிலும் பார்ப்பதே அறிவுடைமை. எல்லாவற்றிற்கும் முன்னர், காலடி விரிப்பு நழுவி ஆக்சிலேட்டரின் அடியில் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுவோம்!

இன்றைய கார்களில் ஆக்சிலேட்டர் மிதியினின்று கம்பி எதுவும் எஞ்சினுக்குச் செல்வதில்லை. மிதியிலுள்ள சென்சார்கள் காலின் அழுத்தத்தைக் கணினிக்கு அறிவிக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பாதுகாப்புக் கருதிக் கணினியே வேகத்தை மட்டுப்படுத்திவிடும். அந்நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிவது வழக்கம். பணிமனையில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண் கிடைக்கும். ஆனால் அவ்வெண் எத்தெருவில் திருடன் இருக்கிறான் என்றுதான் பெரும்பாலும் சொல்லும். எவ்வீட்டில் என்று சொல்லாது. எண்ணைக் கண்டவுடன் பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் கண்டவுடன் அறுவை மருத்துவம் செய்வதைப் போன்றது.

நம் வண்டியின் கதை

இனி, நம் வண்டிக்கு என்ன நேர்ந்தது என்று கூறுகிறோம். முதலில் சென்ற பணிமனையில் ஸ்கேனர் கூட மாட்டவில்லை. சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “கியர்பாக்ஸ் போய்விட்டது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும்” என்றார்கள். அவர்கள் கூறிய தொகையைக் கேட்டு நமக்குத் தலை சுற்றியது. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும்.

மனம் கேளாமல், சிறு பணிமனை நடத்தும் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை நாடினோம். அவர் கேட்ட முதற்கேள்வி: “ஐயா, மிதிக்கும்பொழுது எஞ்சின் சத்தம் ஏறுகிறதா, ஏறவில்லையா?” ஏறுகிறது என்றோம். அடுத்த கேள்வி: “வண்டி நிற்கும் இடத்தில் தரையில் கறை ஏதேனும் உண்டா?” நமக்கு விடை தெரியவில்லை. உடன் வந்திருந்த பேரன்தான், “சிவப்பாய்ச் சொட்டுச் சொட்டாய் இருக்கும் தாத்தா, பாட்டி தினமும் துடைப்பார்களே!” என்றான்.

ரேடியேட்டர் அருகே கியர் ஆயிலைக் குளிர்விக்கச் செல்லும் ரப்பர்க் குழாய் இறுகி வெடித்திருந்தது. பல மாதங்களாகச் சொட்டுச் சொட்டாய் ஆயில் வெளியேறியிருக்கிறது. குழாயை மாற்றி, கையேடு குறிப்பிட்ட ஆயிலைப் புதிதாக நிரப்பினார். தட்டுகள் தீயுமுன் வந்துவிட்டதால் வண்டி பிழைத்தது. நம் சேமிப்பும் பிழைத்தது. இன்னும் சில வாரங்கள் அப்படியே ஓட்டியிருந்தால் முதற்பணிமனையின் தீர்ப்பே மெய்யாகியிருக்கும் என்றும் அவர் எச்சரித்தார்.

அவரிடம் செல்லும் வழியில் ஒரு தவறு செய்யாதிருந்தோம். வண்டியை நாமே ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் ஏற்றிச் சென்றோம். நழுவும் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுவது நம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைப்பதாகும். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒருசேர அழுத்தி கியர்பாக்ஸைச் சோதிக்கும் முறையையும் நாமே செய்து பார்க்கலாகாது. அதனால் சில நொடிகளில் ஆயில் கொதித்துவிடக்கூடும்.

இறுதியாக ஒன்று. முதற்பணிமனையின் மேல் நமக்குக் கோபம் வந்தது உண்மை. ஆயினும் எண்ணிப் பார்க்கையில், சோதியாமல் தீர்ப்பிட்டது அவர்கள் குற்றமென்றால், நாள்தோறும் கண்ணெதிரே கிடந்த கறையைப் பாராமல் போனது நம் குற்றமன்றோ? நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு முன் ஆன்ம சோதனை வேண்டும் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றோம். எங்கே, எப்பொழுது, எத்தனை முறை என்று தெளிவாகச் சொல்லும் பழக்கம் மெக்கானிக்கிடமும் பயன்படுகிறது.

செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு காரில் புறப்படும் அன்பர்கள் பலர். புறப்படுமுன் பங்குத்தந்தையிடம் வண்டிக்கு ஆசீர் பெறுவது நம் நல்ல வழக்கம். அதற்கு முந்தைய நாள் காலையில் வண்டியைச் சற்றே நகர்த்தி, அது நின்ற தரையை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவோமாக.