டிசைன் கணினிக்கு உறுதியான இயங்குதளம்

கரை, முந்தானை டிசைன்களைக் கணினியில் வரையும் சங்கங்கள் அதன் இயங்குதளத்தைக் கவனித்தல் அவசியம். விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. ஆகவே பழைய கணினியுள்ள சங்கங்கள் இனித் தாமதித்தல் நன்றன்று.

முதற்கண் டிசைன் மென்பொருள் எதில் இயங்குகிறதென்று பார்க்க வேண்டும். ஜக்கார்டு மென்பொருள் விண்டோஸையே வேண்டுமாயின், விண்டோஸ் 11 தான் வழி. ஆனால் அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கோருகிறது. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை.

இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகியவையே போதுமாயின், விலையின்றிக் கிடைக்கும் டெபியனின் நிலையான பதிப்பு தகுந்தது. ஏறத்தாழ ஈராண்டுக்கொருமுறை புதுப் பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடையில் மென்பொருள்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. நேற்றுத் திறந்த டிசைன் இன்றும் அவ்வண்ணமே திறக்கும். குறையும் உண்டு: மிகப் புதிய கிராபிக்ஸ் அட்டை அதில் சரிவர இயங்காமற் போகலாம்.

எதைத் தேர்ந்தாலும், டிசைன்களை இரு தனித்தனி வட்டுகளில் பிரதி எடுத்து, ஒரு கணினியில் மட்டும் முதலில் சோதித்துப் பார்க்க. தீபாவளி வேலை மும்முரத்தில் மாற்றம் வேண்டாம். டிசைன் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அங்கத்தினரின் கூலியும் நிற்கும்.