நடுக்கடலில் மின்சாரம்!
ஒரு சொட்டு டீசல் இல்லாமல் உலகைச் சுற்றினார்

நாலா பக்கமும் கடல். மின்கம்பம் இல்லை, கம்பியும் இல்லை. அங்கே பாய்மரப் படகில் விளக்கு எரிவது எப்படி?

நியூசிலாந்துக்காரர் கான்ராட் கோல்மன் அதைச் செய்து காட்டினார். 2016 நவம்பரில், உலகைச் சுற்றும் "வெண்டே குளோப்" பந்தயத்துக்காக பிரான்சிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார்.

இத்தகைய படகுகளில் டீசல் எஞ்சின் இருப்பது வழக்கம். கோல்மன் டீசலே கொண்டுபோகவில்லை!

தண்ணீர் தந்த மின்சாரம்

படகின் பின்புறம் ஒரு சிறு விசிறி நீருக்குள் தொங்கும். படகு ஓட ஓட விசிறி சுழலும், மின்சாரம் பிறக்கும். மேலே உள்ள சூரியத் தகடுகளும் மின்சாரம் தரும். எல்லாம் பாட்டரியில் சேரும்.

தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவிக்கு உயிர் அந்த பாட்டரிதான். அதை நம்பித்தான் மாலுமி கண்ணயர முடியும்.

பாய்மரம் முறிந்தது!

2017 பிப்ரவரி 10. கரைக்கு இன்னும் 700 கடல் மைலுக்கு மேல். திடீரென்று பாய்மரம் முறிந்தது!

படகின் வேகம் குறைந்தால் விசிறியின் வேகமும் குறையும். மின்சாரமும் குறையும். கோல்மன் கலங்கவில்லை. மிஞ்சியதைக் கொண்டு சிறு பாய் கட்டினார்.

பிப்ரவரி 24-ந் தேதி கரை சேர்ந்தார். பயணம் 110 நாள். டீசல் இல்லாமல் அந்தப் பந்தயத்தை முடித்த முதல் மாலுமி அவரே!