பழைய இயந்திரத்தை மாற்றுவது எப்போது?

சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலை, அகலப் பாதைக்கான தனது கடைசி நீராவி எஞ்சினை 1970இல் கட்டி முடித்து, அதற்கு ‘அந்திம் சிதாரா’ எனப் பெயரிட்டது. செவ்வனே பேணினால் நாற்பது ஆண்டுகள் உழைக்க வல்ல வகை அது. எனினும் 1995இல் அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் முடிவுற்றது. தேய்மானம் மட்டுமே இதற்குக் காரணமன்று. நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி எஞ்சின் இழுவிசையாக மாற்றுவது அரிது. டீசல் எஞ்சினோ ஏறத்தாழக் கால் பங்கை மாற்றிவிடும்.

ஆகவே, இயந்திரம் ஓடக்கூடிய காலம் வேறு. அதை ஓட்டுவது ஆதாயமாயிருக்கும் காலம் வேறு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் டெர்போர்க் 1949இல் வெளியிட்ட நூலில், பழையதைத் தற்காப்பவனாகவும் புதியதை அறைகூவுபவனாகவும் உருவகித்தார்.

ஒரு கடைசல் இயந்திரத்தின் விலை ரூ. 10,000 எனக் கொள்க. ஓட்டும் செலவும் பழுதுபார்ப்பும் முதலாண்டில் ரூ. 1,000, பின்னர் ஆண்டுதோறும் ரூ. 500 கூடும். விற்றால் கிடைக்கும் தொகை முதல் ஆறு ஆண்டுகளின் இறுதியில் முறையே ரூ. 7,000, 5,000, 3,500, 2,500, 2,000, 1,500. ஓராண்டில் விற்றால் மொத்தச் செலவு ரூ. 4,000. மூன்றாண்டு வைத்திருந்தால் ஆண்டுச் சராசரி ரூ. 3,667, ஐந்தாண்டில் ரூ. 3,600, ஆறாண்டில் மீண்டும் ரூ. 3,667. ஆறாம் ஆண்டு மட்டும் தனியே ரூ. 4,000 விழுங்குவதே இவ்வுயர்வுக்குக் காரணம். அதே வகைப் புதிய இயந்திரம் கிடைக்குமாயின், ஐந்தாம் ஆண்டின் முடிவே மாற்றும் தருணம். நூற்றுக்குப் பத்து வட்டியைச் சேர்த்தாலோ ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளுக்கிடையே வேற்றுமை ஏறத்தாழ மறைந்துவிடும். முதல் முடக்கம் கனக்குந்தோறும் பழையதை வைத்திருப்பதன் தகுதி கூடும்.

கணக்கிடுவோர் பெரிதும் இடறுவது பழைய விலையில்தான். ஏட்டில் ரூ. 4,000 மதிப்புள்ள இயந்திரத்துக்குச் சந்தையில் ரூ. 2,500தான் கிடைக்குமெனில், கணக்கில் புக வேண்டியது பின்னதே. எஞ்சிய ரூ. 1,500 எம்முடிவாலும் திரும்பாது. அதை மீட்கும் ஆசையில் பழையதையே ஓட்டுவது, நட்டத்தை வளர்ப்பதாகும்.

இவ்வளவுக்கும் வேண்டுவது, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனிச் செலவேடு. பழுதுபார்ப்பை ஒரே தலைப்பில் கூட்டியெழுதும் பட்டறையில், எந்த இயந்திரம் பணத்தைத் தின்கிறது என்பது உரிமையாளருக்கே தெரியாது.