கிரேக்கக் காப்பி

கிரேக்கக் காப்பி என்பது மாவைப் போல நுண்ணியதாக அரைத்த காப்பித் தூளைத் தண்ணீருடன் ஒரு சிறு பாத்திரத்தில் சூடாக்கி, வடிகட்டாமலேயே கோப்பையில் ஊற்றிப் பருகும் பானமாகும். இதில் பால் சேர்ப்பதில்லை. தூள் கோப்பையின் அடியில் மண்டியாகத் தங்கும்; மேலே கெட்டியான நுரை நிற்கும். இந்த நுரைக்குக் கிரேக்க மொழியில் கைமாக்கி என்று பெயர். காப்பி சரியாக வந்திருக்கிறதா என்பதைச் சுவைப்பதற்கு முன்பே இந்த நுரையைப் பார்த்துச் சொல்லிவிடுவர். செய்முறையில் உள்ள கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அதைக் காப்பதற்காக ஏற்பட்டவையே.

பெயர்

இதே முறையில் செய்யப்படும் காப்பி துருக்கியிலும் பால்கன் நாடுகளிலும் அரபு நாடுகள் பலவற்றிலும் உண்டு. 1550களில் உதுமானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் தோன்றின. பின்னர் அப்பேரரசின் ஆட்சியில் இருந்த கிரேக்கப் பகுதிகளுக்கும் இந்தப் பழக்கம் பரவியது. கிரேக்கர்களே இதை நெடுங்காலம் 'துருக்கிக் காப்பி' என்றுதான் அழைத்தனர். 1950களிலும் 60களிலும் சைப்ரஸ் தொடர்பாக இரு நாடுகளுக்கும் இடையே பகை வளர்ந்தது. 1974ஆம் ஆண்டு ஜூலையில் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கிய பிறகு 'கிரேக்கக் காப்பி' என்னும் பெயரே கிரீஸில் பொதுவழக்காக நிலைபெற்றது. காப்பி மாறவில்லை; உறையின் மேல் இருந்த பெயர் மாறியது. சைப்ரஸின் கிரேக்கர்கள் இதைச் 'சைப்ரஸ் காப்பி' என்கின்றனர். துருக்கியின் காப்பிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் கலைமரபுப் பட்டியலில் சேர்த்தது.

பானத்தின் பெயரை மாற்றிய கிரேக்கர்கள் அதைச் சூழ்ந்த சொற்களை மாற்றவில்லை. காப்பிப் பாத்திரமான பிரிக்கி, நுரையான கைமாக்கி, கோப்பையான ஃபிளிட்சானி ஆகிய மூன்றும் துருக்கி மொழி வழியாக வந்த சொற்களே.

தூளும் பாத்திரமும்

எஸ்பிரசோவுக்கு அரைப்பதைவிடவும் இதற்கான தூள் நுண்ணியதாக இருக்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் பரல் தட்டுப்படக் கூடாது. வடிகட்டிக் காப்பிக்கு அரைத்த தூளைப் பயன்படுத்தினால் நுரை எழாது. வாயில் துகள் நெருடும். கிரீஸில் விற்கப்படும் தூள் பெரும்பாலும் இளவறுவலாகவே இருக்கும். வறுத்த கொட்டையில் தங்கியிருக்கும் வாயு நுரைக்கு உதவுவதால், திறந்து நெடுநாளான பொட்டலத்தில் நுரை மெலிந்துவிடும்.

பிரிக்கி என்பது நீண்ட கைப்பிடியும், அகன்ற அடியும், குறுகிய கழுத்தும் கொண்ட சிறு பாத்திரம். செம்பு, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றில் கிடைக்கும். கழுத்து குறுகியிருப்பதால் எழும் நுரை சிதறாமல் திரண்டு நிற்கிறது. ஒரு கோப்பை, இரண்டு கோப்பை, நான்கு கோப்பை எனப் பல அளவுகளில் இது செய்யப்படுகிறது. பெரிய பிரிக்கியில் ஒரு கோப்பை மட்டும் காய்ச்சினால் நுரை பரந்து உடைந்துவிடும் என்பதால் பல வீடுகளில் இரண்டு மூன்று அளவுகள் இருக்கும்.

செய்முறை

காப்பி பருகப்போகும் சிறு கோப்பையாலேயே தண்ணீரை அளந்து பிரிக்கியில் ஊற்ற வேண்டும். தண்ணீர் குளிர்ந்ததாக இருப்பது நல்லது. சூடேற நேரம் எடுத்தால்தான் தூளின் சுவை இறங்கும். கோப்பை ஒன்றுக்குக் குவித்த ஒரு தேக்கரண்டி தூள் போதும். சர்க்கரையும் இப்போதே சேர்க்கப்படுகிறது. சர்க்கரை இல்லாதது ஸ்கெட்டோஸ். ஒரு கரண்டி சேர்த்தால் மெட்ரியோஸ், இரண்டு சேர்த்தால் கிலிகோஸ். பிறகு கோப்பையில் சர்க்கரையிட்டுக் கலக்கினால் அடியில் தங்கிய மண்டி எழும்பிவிடும், நுரையும் கலைந்துவிடும். ஆகவே வந்தவரிடம் எப்படிக் குடிப்பீர்கள் என்று அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கேட்டுவிடுவர். மூன்று விருந்தினருக்கு மூன்று விதம் என்றால் மூன்று முறை காய்ச்ச வேண்டியதுதான்.

தூளும் சர்க்கரையும் கரையும்வரை கலக்கிவிட்டுச் சிறு தீயில் வைக்க வேண்டும். அதன்பின் கரண்டியைத் தொடுவதில்லை. சில நிமிடங்களில் விளிம்பை ஒட்டி நுரை வளையமாகத் தோன்றும். மெல்ல நடுவை நோக்கி மூடிக்கொண்டு வரும். பின்னர் ஒரே மூச்சில் பொங்கி எழும். விளிம்பைத் தொடுவதற்குள் பிரிக்கியை அடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். சில விநாடிகள் தாமதித்தால் காப்பி தளதளவென்று கொதித்து நுரை உடைந்துவிடும். உடைந்த நுரையை மீண்டும் வரவழைக்க முடியாது; கசப்பும் கூடிவிடும். மற்ற வேலைகளுக்கு நடுவே செய்யத்தக்க காப்பி அல்ல இது. தீயைக் கூட்டி அவசரப்படுத்தினாலும் பலன் இல்லை. பழைய காப்பிக் கடைகளில் ஹோவோலி எனப்படும் சூடான சாம்பலில் அல்லது மணலில் பிரிக்கியைப் புதைத்து வைப்பதற்கும் காரணம் அந்த மெதுவான சூடுதான்.

ஒருமுறை பொங்கினால் போதும் என்பது பலரின் வழக்கம். இறக்கி மீண்டும் ஏற்றி இருமுறை பொங்க விடுவோரும் உண்டு.

பரிமாறுதல்

ஒன்றுக்கு மேற்பட்ட கோப்பைகள் இருந்தால் முதலில் ஒவ்வொன்றிலும் சிறிது நுரையைப் பங்கிட்டு, பின்னரே காப்பியால் நிரப்ப வேண்டும். ஒருவருக்கு நுரையும் மற்றவருக்கு வெறும் காப்பியுமாக வைப்பது நல்ல உபசாரம் ஆகாது. கோப்பையுடன் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர் கட்டாயம் வரும். லுக்குமி என்னும் மிட்டாயோ, சர்க்கரைப் பாகில் வேகவைத்த பழமோ உடன் வைக்கப்படலாம். மண்டி அடங்க ஓரிரு நிமிடம் விட்டு, சிறுகச் சிறுக உறிஞ்சிக் குடிக்க வேண்டும். கடைசி மடக்கு கோப்பையிலேயே விடப்படும்.

அந்த எஞ்சிய மண்டிக்கும் ஒரு பயன் உண்டு. கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, உட்புறத்தில் படிந்த கோலங்களைப் பார்த்துக் குறி சொல்வது கிரேக்க வீடுகளில் பழைய பொழுதுபோக்கு.

துக்க வீட்டிலும் இதே காப்பிதான். அடக்கம் முடிந்ததும் வந்தவர்களுக்கு வழக்கமாகச் சர்க்கரை இடாத காப்பியும், பிராந்தியும், உலர்ந்த ரொட்டியும் தரப்படும்.

உடல்நலம்

நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற இக்காரியா தீவில் 142 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, இக்காப்பியைக் குடிப்போரின் இரத்த நாளங்கள் நன்கு செயல்படுவதாகக் கூறியது. சிறிய ஆய்வு என்பதால் காப்பிதான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வடிதாள் வழியே இறக்காத காப்பியில் காஃபெஸ்டால் என்னும் பொருள் தங்கிவிடுகிறது. அது இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடியது. கொழுப்பு அளவு ஏற்கனவே உயர்ந்திருப்பவர்கள் நாள்தோறும் பல கோப்பைகள் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது.