பந்து கோட்டைத் தாண்டியும் கோல்! இந்தியா - கத்தார் மேட்ச்சில் வி.ஏ.ஆர் ஏன் இல்லை?

அம்பத்தூர், ஆவடி பக்கம் டர்ஃபில் ஃபுட்பால் ஆடுபவர்களுக்குப் பழகிய சண்டைதான். ‘பந்து வெளிய போயிடுச்சு!’, ‘போகலப்பா!’ கடைசியில் சத்தமாகக் கத்துபவர் ஜெயிப்பார். உலகக்கோப்பை தகுதிச்சுற்றிலேயே இப்படி நடந்தால்?

என்ன நடந்தது?

2024 ஜூன் 11, தோஹா. ஜெயித்தால் முதல்முறையாக மூன்றாவது சுற்று. சாங்தே அடித்த கோலால் இந்தியா 1-0 என முன்னிலை. 73-வது நிமிடத்தில் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து, கோல் கோட்டுக்கு வெளியே உருண்டது. கத்தார் வீரர் ஒருவர் அதை உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். கார்னர் கொடுக்க வேண்டிய நடுவர், கோல் கொடுத்தார். 85-வது நிமிடத்தில் இன்னொரு கோல். 2-1 எனத் தோற்று இந்தியா வெளியேறியது.

வி.ஏ.ஆர் இருந்திருந்தால்?

கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறிக் கொடுத்த கார்டு ஆகிய நான்கில் மட்டும்தான் அப்போது வி.ஏ.ஆர் தலையிட முடிந்தது. இது கோல் என்பதால், ரீப்ளே பார்த்து ரத்து செய்திருக்கலாம். ஆனால், அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர் கிடையாது. பல கேமராக்கள், தனி அறை, பயிற்சி பெற்ற வீடியோ நடுவர்கள் என அதற்குச் செலவு அதிகம்.

வேறு வழி?

குறைந்த கேமராக்களே போதும் என்ற ‘ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்’ முறையை 2024-ல் ஃபிஃபா சோதிக்கத் தொடங்கியது. கிரிக்கெட் டி.ஆர்.எஸ் மாதிரிதான். மேட்ச்சுக்கு 2 முறை பயிற்சியாளர் ரிவ்யூ கேட்கலாம்; சரியாக இருந்தால் வாய்ப்பு குறையாது. தோஹாவில் இந்தியாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்.