தோசைக்கல்லும் சைலன்சரும்

"அம்மா...!"

வாசலில் அலறல். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் வந்த என் நாலு வயதுப் பையன், காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். எப்போதும் இடது பக்கம் இறங்குகிறவன், அன்று அவசரத்தில் வலது பக்கம் சறுக்கி இறங்கியிருக்கிறான். வலது கெண்டைக்காலின் உட்புறத்தில், ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் தோல் வெந்து போயிருந்தது.

அத்தை இட்லி மாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "மாவு வேண்டாம் அத்தை" என்று சொல்லிவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் காலை நீட்ட வைத்தேன். அவன் அழுகை அடங்கிய பிறகுதான் என் கோபம் வெளியே வந்தது.

"சைலன்சர் மேலே ஒரு தகடு இருக்குமே, அது எங்கேங்க?"

"அதோட ஸ்க்ரூ துருப்பிடிச்சு உடைஞ்சு போச்சு. கடகடன்னு ஆடிக்கிட்டே இருந்தது. போன மாசம்தான் கழட்டிப் பரண்ல போட்டேன்..."

பார்த்தீர்களா? ஒரு சின்ன ஸ்க்ரூவில் பிடித்த துரு, பிள்ளையின் காலில் வந்து முடிந்தது! வண்டி சமாசாரம் ஆண்கள் பாடு என்று நானும் அதுவரை ஒதுங்கித்தான் இருந்தேன். அதன் பிறகு கேட்டும் செய்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

துரு எங்கிருந்து வருகிறது?

எங்கள் வீடு சென்னையில், கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே தாங்காது. சைலன்சர் எப்படித் தாங்கும்? மழைத் தண்ணீரும் சேறும் அதன் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. சூடும் குளிரும் மாறி மாறி வந்து பெயிண்டை விரியச் செய்கின்றன. அந்த வெடிப்பில் துரு குடிபுகுகிறது.

ஆனால் பாதித் துரு வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளேயிருந்து வருகிறது. பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! வண்டி தூரமாக ஓடினால், சூட்டில் அது ஆவியாகவே வெளியே போய்விடும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று ஒரு கிலோமீட்டர் போய் நிறுத்தினால், குழாய் சரியாகச் சூடேறும் முன்பே தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறையாவது அரைமணி நேரம் வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அது சேற்றால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட் பெயிண்ட் போதாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இவர் மும்முரமாக இறங்கினார். கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த சில்வர் பெயிண்டை எடுத்துச் சைலன்சருக்கு அடித்தார். வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது! மறுநாள் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் கருகி, கொப்பளித்து, தோல் தோலாக உரிந்துவிட்டது. மெக்கானிக் சிரித்தார்: "என்னம்மா, கேட்டுக்கு அடிக்கிறதை அடுப்புக்கு அடிச்சா நிக்குமா?"

அவர் சொன்னது சரிதான். நாம் வடை பொரிக்கும் எண்ணெயின் சூடு சுமார் 180 டிகிரி செல்ஷியஸ். என்ஜினை ஒட்டிய வளைவுக் குழாயோ 300 டிகிரியைத் தாண்டுவதுண்டு. சாதாரண எனாமல் பெயிண்ட் 150 டிகிரியிலேயே கருக ஆரம்பித்துவிடும்.

இதற்கென்றே 'ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட்' என்று கடைகளில் கிடைக்கிறது. இதில் பசையாக இருப்பது சிலிக்கோன். மணலில் இருக்கும் சிலிக்கானும் ஆக்சிஜனும்தான் இதற்கும் முதுகெலும்பு. அதனால் சூட்டைத் தாங்குகிறது. வெள்ளி நிறப் பெயிண்டில் அலுமினியச் செதில்களும் கலந்திருக்கும். கூரையில் கீற்று வேய்ந்த மாதிரி அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கின்றன. வாங்கும்போது டின்னில் எத்தனை டிகிரி என்று பாருங்கள். சைலன்சருக்கு 600 டிகிரி தாங்குவதே நல்லது.

பூசுமுன்...

பெயிண்டைவிட முக்கியம், அடிப்பரப்பு. துருவின் மேல் பெயிண்ட் அடிப்பது அழுக்குத் தலையில் பூ வைப்பது போலத்தான்.

* வண்டி நன்றாக ஆறிய பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். சூடான சைலன்சரில் தண்ணீர் ஊற்றவே கூடாது.
* கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேயுங்கள். முதலில் கொரகொரப்புத் தாள், பிறகு நயமான தாள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.
* ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஆங்காங்கே அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே பெயிண்ட் உதவாது. வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.
* தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். அதன் பிறகு வெறும் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை போதும், பெயிண்ட் ஒட்டாது.
* டயர், பிரேக், என்ஜின் எல்லாவற்றையும் பழைய பேப்பரால் மூடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் குழாயில் ஒரு சென்சார் இருக்கும். அதில் பெயிண்ட் படக் கூடாது.

குரோமியம் பூசிய பளபள சைலன்சருக்குப் பெயிண்ட் வேண்டாம். லேசான துருப்புள்ளிகளை, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தாலே போய்விடும்.

தோசைக்கல்லைப் பழக்குவது போல!

புதுத் தோசைக்கல்லை எப்படிப் பழக்குகிறோம்? மெல்லிசாக எண்ணெய் தடவி, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி... ஒரேயடியாக எண்ணெயைக் கொட்டினால் பிசுபிசுவென்று ஆகிவிடும் அல்லவா? இதற்கும் அதே பக்குவம்தான். முதலில் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்த பிறகு இன்னொரு மெல்லிய பூச்சு. அவ்வளவுதான். தடிமனாக அடித்தால் சூட்டில் கொப்பளிக்கும்.

இந்தப் பெயிண்ட் காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில் வேக வேண்டும். சுமார் 200 டிகிரி சூடு கிடைத்தால்தான் அது கெட்டிப்படும். அதுவரை நகம் பட்டாலும், பெட்ரோல் சிந்தினாலும் வழண்டு வந்துவிடும். டின்னில் போட்டிருக்கும் முறைப்படி செய்யுங்கள். பொதுவாக, நன்கு காய்ந்த பிறகு பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு முழுக்க ஆறவிடுவது. பிறகு இருபது நிமிஷம் ஓடவிட்டு மறுபடி ஆறவிடுவது. அதன் பின் ஒரு நீண்ட சவாரி. முதல் சூட்டில் கொஞ்சம் புகையும் வாடையும் வரும். பயப்பட வேண்டாம்.

இதில் கண்டிப்பு வேண்டும்

என்ஜினை ஓடவிடுவது திறந்தவெளியில்தான். மூடிய ஷெட்டிலோ, ஜன்னலுக்கு அடியிலோ கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். பெயிண்ட், தின்னர் வாடை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அவர்களைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது.

கடைசியாக, தகடு! எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் சைலன்சரின் சூடு குறையாது. பிள்ளையின் காலைக் காப்பது அந்தத் தகடு ஒன்றுதான். எங்கள் தகட்டைப் பரணிலிருந்து இறக்கி, துரு நீக்கி, அதற்கும் பெயிண்ட் அடித்து, எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டு மாட்டினோம். இப்போது ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னும் அந்த ஸ்க்ரூக்களை ஒரு தரம் அசைத்துப் பார்ப்பது என் வேலை.

சைலன்சர் சுட்டுவிட்டால்...

* குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம்.
* மாவு, இங்க், பற்பசை, நெய் எதுவும் தடவாதீர்கள்.
* நைலான் துணி உருகி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்.
* கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

பையனின் காலில் இப்போது மங்கலாக ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் அவனே சொல்கிறான்: "அப்பா, இடது பக்கம்தானே இறங்கணும்?"

உங்கள் வீட்டு வண்டி இந்நேரம் வாசலில்தானே நிற்கிறது? அந்தத் தகடு இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!