சொந்த ஏடும் பொது ஏடும்

பெண்ணாடத்துப் பிரளயகாலேசுவரர் ஆலயத்தைச் சுற்றி வந்து பின்புறமாக நின்று பார்க்கிறவர்களுக்கு, படுத்துறங்கும் யானையின் முதுகைப் போல வளைந்து இறங்கும் அந்த விமானமே ‘தூங்கானைமாடம்’ என்ற பெயருக்குக் காரணத்தைச் சொல்லிவிடும். இந்த ஸ்தலத்தில்தான் திருநாவுக்கரசர், சமண சமயத்திலே கழிந்த தம் தேகத்தோடு இனி வாழச் சகியாதவராய், சூலமும் இடபமும் தம் மீது பொறிக்கப்பட வேண்டுமென்று இறைவனிடம் விண்ணப்பித்துக்கொண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஊருக்கு உபதேசமாகவோ சபையோருக்குப் பிரசங்கமாகவோ எழுந்ததன்று அந்த விண்ணப்பம். ஒரு மனிதர் தம் உள்ளத்து வேதனையைத் தம் ஆண்டவனிடம் மட்டும் அந்தரங்கமாகச் சொல்லிக்கொண்டது. அது இன்று நான்காம் திருமுறையில் இருக்கிறது. அதிலும் நமக்குக் கிடைப்பவை மூன்று பாடல்கள் மாத்திரமே.

ஒருவர் தமக்கென்று, அல்லது தம்மைச் சேர்ந்த சிறு வட்டத்துக்கென்று ஆக்கிய எழுத்து, பிறகு பலருடைய எழுத்துகளோடு ஒரு பொதுவிடத்தில் மீண்டும் வெளிவருவதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று பாடல்கள்தாம் முன்வந்து நிற்கின்றன. பொது ஏட்டில் சேர்ந்ததனால் மூன்றேனும் பிழைத்தன. சேருமுன் காலம் தாழ்ந்ததனால் மற்றவை போயின.

தமிழ்நாட்டில் இவ்விதம் தொகுத்த மகா காரியங்கள் இரண்டைச் செய்தவர்கள் இருவரும் எங்கள் பக்கத்தவர்கள் என்பதில் எனக்குள்ள பெருமிதத்தை நான் மறைக்கப் போவதில்லை. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயிலில், அந்நாளைய வீரநாராயணபுரத்தில், அவதரித்தவர். தேவாரத்தைத் தேடித் தந்த நம்பியாண்டார் நம்பி, அதே காட்டுமன்னார்கோயிலுக்கு அணித்தான திருநாரையூர்க்காரர். தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த ஏடுகளை, தேவாரம் பாடிய மூவரும் வந்தாலன்றித் திறக்க இயலாது என்று தீட்சிதர்கள் சொல்ல, மூவருடைய திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து அரசன் கதவைத் திறப்பித்ததையும், உள்ளே சுவடிகள் செல்லரித்துப் புற்று மூடிக் கிடந்ததையும், எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து எஞ்சியவற்றை எடுத்ததையும் திருமுறைகண்ட புராணம் விவரிக்கிறது. ஏடு பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பூட்டியிருப்பார்கள். பூட்டிய அறைக்குள் செல்லுக்குத் தடையில்லை.

தொகுத்தவர்கள் எப்படித் தொகுத்தார்கள் என்பதை இன்றைய எழுத்தாளர் ஒவ்வொருவரும் ஊன்றிப் பார்க்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். தூங்கானைமாடத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்தை முதல் திருமுறையில் எடுத்துப் பாருங்கள். மேலே ஸ்தலத்தின் பெயர் இருக்கிறது. பழந்தக்கராகம் என்று பண் குறித்திருக்கிறது. அடியிலே, திருக்கடைக்காப்பு என்று சொல்லப்படும் இறுதிப் பாட்டில், பாடியவரே தம் பெயரையும் தம் ஊரையும் வைத்துத் தைத்திருக்கிறார். ஏடு எத்தனை கைமாறினாலும், எந்தத் தொகுப்பில் எத்தனையாவது இடத்தில் போய் உட்கார்ந்தாலும், யார் பாடியது, எங்கே பாடியது, எப்படிப் பாட வேண்டியது என்னும் மூன்றும் பாட்டைவிட்டுப் பிரிவதில்லை. ஆழ்வார்களிலும் பெரும்பாலோர் பதிகத்தின் இறுதிப் பாட்டில் இவ்வாறே பெயரை வைத்துப் பாடியிருக்கிறார்கள். எழுத்தைப் பொதுவுக்குக் கொடுக்கிறவன், அது தன் கையைவிட்டுப் போன பிறகும் தன்னுடையதாகவே அறியப்படுவதற்கு வேண்டியதை அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்த சாமர்த்தியம் இது.

நம்பியாண்டார் நம்பியோ இன்னும் ஒருபடி மேலே போகிறார். பதினோராம் திருமுறையில் பன்னிரண்டு ஆசிரியர்களின் பிரபந்தங்கள் இருக்கின்றன. அவற்றுள் பத்து, தொகுத்தவராகிய நம்பியினுடையவை. தம்முடைய சொந்த ஆக்கங்கள், காரைக்காலம்மையார் பாடலும் நக்கீர தேவர் பாடலும் இருக்கிற ஏட்டிலேயே, உரிய பெயருடன் இடம்பெற்றிருக்கின்றன. இதில் அகந்தையைக் காண்பவர்களும் இருக்கலாம். நான் அப்படிக் காணவில்லை. தனியே வைத்துக்கொண்டால் தன்னோடு போய்விடும் என்பதை, புற்று மூடிய ஏடுகளைக் கண்ணால் கண்ட ஒருவரைவிட வேறு யார் அறிந்திருக்க முடியும்?

பெண்ணாடத்தில் அச்சுத களப்பாளரின் புதல்வராகப் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சின்னஞ்சிறு நூல். அதனோடு அருணந்தி சிவாசாரியார் எழுதியவையும், திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதியதும், தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரின் எட்டு நூல்களும், இவர்களுக்கு முற்பட்ட இரண்டும் சேர்ந்து மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கு ஆயின. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மாணாக்கருக்கென்று பிறந்த நூல்கள் இவை. பதினான்கின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லும் வெண்பா ஒன்று உண்டு. அதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு நூல் காணாமற்போனால் காணாமற்போனது இன்னதென்று உடனே தெரிந்துவிடும். உமாபதி சிவாசாரியார் தம் சங்கற்ப நிராகரணத்தில் அது எழுந்த சக ஆண்டையே குறித்துவிட்டார், அது கி.பி. 1313க்குச் சரியாகிறது. நாள் குறித்து வைத்த நல்ல பழக்கத்தினால் அந்த ஒருவரை மட்டுமன்றி, அவருக்கு முன்னும் பின்னும் உள்ளவர்களையும் நம்மால் காலவரிசையில் நிறுத்த முடிகிறது.

ஓரிடத்து எழுத்தை வேறிடத்தில் மீண்டும் வெளியிடும் வழக்கத்துக்கு அச்சு யந்திரம் வந்தபின் ‘மறுபிரசுரம்’ என்று பெயர் ஏற்பட்டது. ஒரு பத்திரிகையில் வந்ததை இன்னொரு பத்திரிகை எடுத்துப் போடும்போது, அடியிலே ‘நன்றி’ என்று எழுதி மூலப் பத்திரிகையின் பெயரைச் சேர்ப்பது தமிழ்ப் பத்திரிகை உலகத்தின் மரபு. 1947ல் கலைமகள் காரியாலயத்திலிருந்து தி.ஜ.ர.வை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய ‘மஞ்சரி’, பல இடங்களில் வந்த நல்ல விஷயங்களைத் திரட்டித் தருவதையே தன் தொழிலாகக் கொண்டது. ஒரு மூலையில் வெளிவந்து நூறு பேர் படித்த கட்டுரை, அத்தகைய பத்திரிகையில் ஏறிய பிறகு ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போயிற்று.

எனக்கும் இதில் ஒரு வடு உண்டு. வெள்ளாற்றில் தண்ணீர் வரும் காலத்தையும், கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையையும் பற்றி, நண்பர்கள் சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரை எழுதினேன். பிற்பாடு ஒரு விழா மலரில் அது வந்திருப்பதாகச் சொல்லி ஒருவர் மலரைக் கையில் கொடுத்தார். கட்டுரை இருந்தது, என் பெயர் இல்லை. கடைசி இரண்டு பத்திகளும் இல்லை. என் தகப்பனார் வெள்ளத்தில் ஆற்றைக் கடந்து வந்த நிகழ்ச்சி அந்த இரண்டு பத்திகளில்தான் இருந்தது. பெயர் போனதற்குக்கூட நான் அவ்வளவு வருந்தவில்லை. அவர் போனதற்கு வருந்தினேன்.

இதற்குச் சட்டத்திலே பரிகாரம் இருக்கிறது என்பதை அன்று நான் அறியேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை முற்றிலும் பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பின்னும், இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதையையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைத்தால் தடுக்கும் பாத்தியதையையும் ஆசிரியனிடமே விட்டு வைத்திருக்கிறது. பதிப்புரிமை ஆசிரியனின் ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் அறுபது ஆண்டுகளும் நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் கையொப்பமிட்ட எழுத்து மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதிலே குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு என்றுதான் பொருள். ஆகவே சம்பளத்துக்கு அமர்ந்து எழுதாமல், வெளியிலிருந்து ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பி, அது ஒருமுறை அச்சாகிவிட்டதனால் மட்டும், ‘இனி அது அவர்களுடையது’ என்று மனம் தளர வேண்டியதில்லை. எழுதிக் கொடுக்காதவரையில் அது உங்களுடையதே, வேறு பொதுவிடத்தில் மீண்டும் வெளியிட உங்களுக்குத் தடையும் இல்லை. ஆனால் முன்னர் வெளிவந்தது என்ற உண்மையைப் புதிதாகப் பெறுகிறவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘வேறெங்கும் வெளிவராதது’ என்று உறுதிமொழி கேட்கும் பத்திரிகைக்கு மறைத்து அனுப்புவது நாணயமாகாது.

இந்நாளில் பொது ஏடு கணினிக்குள் போயிருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல தேசங்களில் இருக்கும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சுச் செய்தும் பிழை பார்த்தும் பழந்தமிழ் நூல்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நூலின் முகப்பிலும் உழைத்தவர்களின் பெயர் இருக்கிறது. உயிரோடிருக்கும் எழுத்தாளர்கள், தாங்கள் முன்பு தனியே வெளியிட்டவற்றைத் தாங்களே மனமுவந்து, ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் பொது அனுமதியின்கீழ் இலவச மின்னூல்களாகத் தருவதும் வழக்கமாகி வருகிறது. பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு யாரும் பகிர்ந்துகொள்ளலாம்; மாற்றக் கூடாது, விற்கக் கூடாது என்ற நிபந்தனைகளையும் ஆசிரியர் விரும்பினால் சேர்க்கலாம். ஒருமுறை கொடுத்த இந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாதாகையால், எந்த நிபந்தனை என்று நிதானமாக யோசித்தே கொடுக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், ஊரைப் பற்றிய பழைய எழுத்துகளைத் திரட்டிப் புத்தகமாக்கப் போவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தான். “ஐயா, உங்க வெள்ளாற்றுக் கட்டுரை வேணுமுங்க. மலர்ல இருக்கறது போதுமா?” என்று கேட்டான். போதாது என்றேன். பரணிலிருந்து கையெழுத்துப் பத்திரிகையை இறக்கினோம். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன, மைதாப்பசை தடவிய முதுகில் பூச்சி துளையிட்டிருந்தது, கடைசி இரண்டு பத்திகள் அப்படியே இருந்தன. அவற்றைப் பெயர்த்தெழுதி, தலைப்பின் கீழே என் பெயரையும், முதலில் வந்த பத்திரிகையின் பெயரையும், மாதத்தையும் ஆண்டையும், ‘பெண்ணாடம்’ என்பதையும் எழுதிக் கொடுத்தேன். பையன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.